நிச்சயத்தன்று நான் எழுந்து நிற்காத காரணம்

கோவிந்தாபுரம்
31-1-1957

நல்லேப்பிள்ளி மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு, கோவிந்தாபுரம் தையற்கடை கருப்புசாமி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் சித்தப்பா மகள் மயிலாத்தாளும் எங்கள் மகள் காளியாத்தாளும் சுகம். வழக்கத்தை விடக் கூடாது என்று சுகம் என்கிறேனே தவிர, எனக்கு இடுப்புக்குக் கீழே சுகம் இல்லை. தங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். சம்பந்தி என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன். அந்த உரிமை எனக்கு இன்னும் உண்டா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாங்கள் நிச்சயத் தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் எழுந்து நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கால்கள் இரண்டும் தங்களை நோக்கி நீண்டிருந்தன. தட்டு என்னால் கவிழ்ந்தது. எதையும் மறுக்கவில்லை. ஆனால் அதெல்லாம் திமிரால் அல்ல, பக்கவாதத்தால் அல்ல, தங்கள் பெரியம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னது போலக் குடியாலும் அல்ல. முந்தின நாள் குடியரசு தினத்தன்று நான் கோவிந்தாபுரத்திலிருந்து பாலக்காட்டுக் கோட்டை வரை ஓடிப்போய், அங்கிருந்து திரும்பவும் ஓடி வந்திருந்தேன். நாற்பத்தைந்து மைல். ஓடிய கதையை மயிலாத்தாள் சொன்னதும் “எதுக்கு?” என்று கேட்டீர்கள். நான்கு நாள் யோசித்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வாசகசாலைக்காரர்கள் இந்தப் பந்தயத்தை ஏற்பாடு செய்து, ஓடுகிறவர்களுக்குப் பதினோரு அரை டிராயர் தைக்கச் சொல்லி கார்த்திகை மாதத்தில் என்னிடம் வந்தார்கள். தைத்தேன். பத்துப் பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். பதினோராவது ஆள் மனம் மாறி வரவில்லை. அந்த டிராயர் ஒரு வாரம் ஆணியில் தொங்கியது. கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது, மச்சான். இருபத்திரண்டு வருஷமாக மிஷின் மிதிக்கிறேன். பாலக்காட்டுச் சாலை என் மிஷினுக்கு நாலடி தள்ளித்தான் போகிறது. அதில் கொல்லங்கோட்டைத் தாண்டி நான் போனது மூன்றே முறை, மூன்றும் துணி வாங்க, மூன்றும் பஸ்ஸில் நின்றுகொண்டு. எனக்கு வயது நாற்பத்து மூன்று. வாசகசாலைக்குப் போய், “அந்தப் பதினோராவது பேரை அடிச்சுட்டு எம்பேரை எழுதிக்குங்க” என்றேன். அவர்கள் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பின்வாங்க வழி இல்லை.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் முதலமடை வரை ஓடிப் பழகினேன். இந்தப் பக்கத்தில் வளர்ந்த மனிதன் ஒருவன் காரணமில்லாமல் ஓடி யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் மூன்று பேர் கூடவே ஓடி வந்து, “ஏனுங்க, ஊட்ல யாருக்கு என்னாச்சுங்க?” என்று கேட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியதால் பதில் சொல்ல முடியவில்லை. நான் வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்து அவர்களே முடிவுக்கு வந்துவிட்டார்கள். நான் வீடு திரும்பும்போது வாசலில் ஏழெட்டுப் பேர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மயிலாத்தாள் நடுவில் நின்று, “நான் நல்லாத்தானுங்க இருக்கறன், புள்ளையும் நல்லாத்தான் இருக்குது, அவருக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு” என்று எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கையில் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பை இருந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான் என்று விட்டுவிடுகிறார்கள். நான் இல்லாத நேரத்தில் காளியாத்தாள் கடையைத் திறந்து, காஜா எடுத்து, பொத்தான் கட்டி, வந்தவர்களுக்குப் பதில் சொன்னாள். அவள் மட்டும் ஒருநாளும் எதற்கு என்று கேட்கவில்லை. மார்கழி முடிவதற்குள் கொல்லங்கோடு போய்த் திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

நிச்சயத் தேதியைத் தாங்கள் சொல்லி அனுப்பியது பொங்கலுக்குப் பிறகு. அப்போதே நான் பெயர் கொடுத்து ஒன்றரை மாதம். சனிக்கிழமை ஓடி, பொழுது சாயும் முன் வந்து, தூங்கி எழுந்து, ஞாயிறு குளித்துத் தங்களை வரவேற்கலாம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கில் கால்களைக் கேட்க மறந்தது என் குற்றம்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பதினோரு பேரும் புறப்பட்டோம். தைமாதக் காற்று எங்கள் பக்கம் எப்படி என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கிலிருந்து மேற்கே ஆளைத் தள்ளிக்கொண்டே போகும். பாலக்காடு மேற்கே இருக்கிறது. அந்தப் பத்துப் பேரும் காற்று தள்ளியதைத் தங்கள் கால் பலம் என்று எடுத்துக்கொண்டு பறந்தார்கள். முதலமடைக்குள் எனக்கு முன்னால் புழுதிதான் இருந்தது. நான் சட்டைக் காலர் திருப்பும்போது மிஷினை எந்த வேகத்தில் மிதிப்பேனோ அதே நிதானத்தில் காலை வைத்தேன். மனதுக்குள் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். இரண்டு மைலுக்கு ஒரு தரம் ஒரு கல் உப்பும் கொஞ்சம் வெல்லமும் வாயில் போட்டு, யார் வீட்டில் கேட்டாலும் கிடைத்த மோரைக் குடித்து, கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஓடினேன். புதுநகரத்தில் ஒருவர், “எல்லாரும் போயி ஒரு மணி நேரமாச்சுங்க, நீங்க அடுத்த வருசத்துப் பந்தயமுங்களா?” என்றார். கோட்டை வாசலில் பெயரைக் குறித்துக்கொண்டவர்கள் மேசையை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

திரும்பினேன். காற்று முகத்தில் அறைந்தது. இனி இருபத்திரண்டரை மைலும் அதற்கு எதிராகத்தான். ஆனால் சாலையோரத்துப் புளியமரங்களுக்கு அடியில் நான் தைத்த அரை டிராயர்கள் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், ஒருவர் படுத்திருந்தார், இருவர் மாட்டு வண்டியில் ஏறிப் போனார்கள். எவர் டிராயரிலும் தையல் பிரியவில்லை. கொல்லங்கோடு வந்தபோது எனக்கு முன்னால் இரண்டே பேர். முதல் ஆள் எட்டாத தூரத்தில் இருந்தார். இரண்டாவது ஆள் கண்ணுக்குத் தெரிந்தார், லாரி கிளீனர் பெரியமுத்து, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அவர் முதுகைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டது, மச்சான். முப்பத்தெட்டு மைல் காத்த வேகத்தை விட்டுவிட்டு, கழுதை போல ஒரு மைல் பாய்ந்தேன். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பிறகு தொடை. மைல்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வலியில் ஆத்தா என்று கத்தியிருக்கிறேன்.

பெரியமுத்து திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் திரும்பி வந்தார். “அண்ணா, உக்காந்தீங்கன்னா எந்திரிக்க முடியாதுங்க. எம்மேல சாஞ்சுக்குங்க.”

“நீங்க போங்க தம்பி, உங்க ரெண்டாவது பரிசு போயிரும்.”

“பரிசு எங்கயும் ஓடிப்போயிராதுங்க. வாங்க.”

அவர் தோளில் கையைப் போட்டு ஐந்தாறு மைல் நடந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊருக்குள் இருவரும் ஒன்றாக வந்தோம். யார் இரண்டாவது என்று கேட்டார்கள். அவர் என்னைக் காட்டினார், நான் அவரைக் காட்டினேன். கமிட்டிக்காரர்கள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். மயிலாத்தாள் வெந்நீர் வைத்தாள். நான் அழுதேன். எதற்கு என்றால், அதற்கும் இதே கடிதம்தான் பதில்.

ஞாயிறு காலை என் கால்கள் மடங்க மறுத்தன. உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால், தாங்கள் வரும் நேரத்துக்கு மயிலாத்தாளும் காளியாத்தாளும் என்னைத் துணிச்சுருளைச் சாத்தி வைப்பது போலச் சுவரில் சாத்தி வைத்தார்கள். தாங்கள் வர ஒரு மணி நேரம் தாமதமானது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தாங்கள் தட்டோடு படியேறிய நேரத்தில், நான் கை கூப்பியபடியே, சுவரோடு மெல்லக் கீழே வழுக்கி, தங்கள் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தேன். “ஏனுங்க, இதென்ன மருவாதைங்க?” என்றீர்கள். எழுந்திருக்க எதையாவது பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன், கையில் தட்டு அகப்பட்டது. பழம் உருண்டது, குங்குமம் கொட்டியது. மாப்பிள்ளையான தங்கள் மகன் வேட்டியில் கறை படாமல் ஒதுங்கி நின்றார். அவருடைய சுத்தத்தை நான் மதிக்கிறேன். இலை போடும் முன்பே தாங்கள் எல்லோரும் வண்டி ஏறிவிட்டீர்கள்.

ஆகையால் மச்சான், எனக்குக் கால்தான் இல்லாமல் போனதே தவிர மரியாதை இல்லாமல் போகவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள், என் பைத்தியத்துக்காக என் மகளைத் தண்டிக்க வேண்டாம். வரும் முகூர்த்தத்தில் மறுபடி வாருங்கள். சாலை முனையிலேயே நின்று வரவேற்கிறேன். தங்கள் வயலில் நெல் குறையாமலும் வீட்டில் சிரிப்பு குறையாமலும் இருக்க மாரியம்மன் துணை செய்யட்டும். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் தயவை எதிர்பார்க்கும்
கருப்புசாமி

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது காளியாத்தாள் படிக்கக் கேட்டாள். அவள் விஷயம்தானே என்று கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். “எழுதுனது எல்லாம் நெசந்தானுங்க அப்பா. ஆனா மறுபடி வரச் சொல்ல வேண்டாமுங்க” என்றாள். ஏன் என்றேன். “நீங்க உளுந்தப்போ அம்மாவும் நானும் ஓடி வந்தம். மாப்பளையா வந்தவுங்க ஒரு எட்டு பின்னால போனாங்க. அந்த ஒரு எட்டு எனக்குப் போதுமுங்க.” மயிலாத்தாளைப் பார்த்தேன். அவள் தங்கள் தங்கை. அவளும் தலையை ஆட்டினாள். எனவே மேலே கேட்ட மன்னிப்பு மட்டும் நிற்கட்டும், வேண்டுகோளை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். வேறு தாளில் எழுதினால் இன்னும் நான்கு நாள் ஆகும் என்பதால் இதையே அனுப்புகிறேன். தபால் பெட்டி நூறு கஜம். நடந்தே போகிறேன். காளியாத்தாள் கூட வருகிறாள், என் வேகத்துக்கு நடப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.