அப்பா உழுத மேட்டுக்காடு

"இனிமேல் நம்ம குடும்பம் கரண்டு விக்கிற குடும்பம்" என்று அப்பா அறிவித்தபோது வீட்டில் கரண்டு இல்லை. எங்கள் மலையூரான வளப்பூர் நாட்டில் காற்று கொஞ்சம் பலமாகத் தும்மினாலே போய்விடும்.

விஷயம் இதுதான். சூரிய மின்சாரக் கம்பெனியின் கவியரசன் சார் மலையேறி வந்து, எங்கள் மேட்டுக்காட்டை முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். அவர் பேச்சு மூக்கில் புறப்பட்டு வாய்க்கு வருவதற்குள் இலக்கணமாகிவிடும். "தங்களுடைய தரிசு நிலம் தேசத்துக்கே ஒளி தரப் போகிறது, ஐயா. பயிர் நிலத்தை நாங்கள் தொடுவதே இல்லை."

ஐயா என்று யாரும் கூப்பிட்டுப் பழக்கமில்லாத அப்பா அன்று முழுக்க முதுகை வளைக்காமல் நடந்தார். என் பழைய நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகினார்.

அம்மா சாமை புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அது தரிசுன்னு யாரு சொன்னா?"

"ரெண்டு வருசமா வெறுங்காடாத்தான கெடக்குது, அம்சவேணி."

"தூங்குதுங்க. மூணு வருசம் வெளஞ்ச காடு ரெண்டு வருசம் தூங்கோணும். தூங்கறவளப் பாத்து செத்துட்டான்னு எழுதுவீங்களா?"

"பட்டா எம்பேர்ல இருக்குது."

"களை புடுங்குன கை எந்தப் பட்டாவுல இருக்குதுங்க?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. முறம் நின்றுவிட்டது.

"வெயிலு கரண்டு வேண்டாங்கலீங்க. ஊட்டுக் கூரைமேல வெக்கட்டும், பள்ளிக்கூடத்து மேல வெக்கட்டும். சோறு வெளயற எடத்துல வெச்சு, கம்பிய நேரா மலைக்குக் கீழ இழுத்துட்டுப் போனா, நம்ம புள்ளைக முப்பது வருசம் எதத் திங்கும்?"

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டினார்.

மறுநாள் அம்மா வேறு ஆளாக எழுந்தாள்.

"சரி, உங்க இஷ்டம். பெரிய மனுசங்க பாக்க வர்றப்ப முள்ளும் பொதருமாவா இருக்கறது? ஒரு உழவு ஓட்டி வெச்சிருங்க. நான் பின்னாலயே கல்லுப் பொறுக்கறேன்."

அப்பா பூரித்துப்போனார். மாட்டைப் பூட்டி, காடு முழுக்க ஓட்டினார். அம்மா முந்தானையை மடி கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

"பாத்தியா கண்ணு," என்று என்னிடம் கிசுகிசுத்தார், "உங்கம்மாள வழிக்குக் கொண்டாந்துட்டேன்."

கல் பொறுக்கினால் மடி கனக்க வேண்டும். அம்மாவின் மடி போகப்போக இளைத்தது. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மழை. வளைவு ரோட்டில் மண் சரிந்து, கையெழுத்து வாங்கக் கவியரசன் சார் வந்து சேரப் பதினைந்து நாள் ஆனது. வேலை முடிந்த காட்டுப் பக்கம் அப்பா எட்டிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் பழக்கம் மட்டும் நடந்தது.

வந்தவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். காடு முழுக்க நாலு விரல் உயரத்துக்குச் சாமை, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஐயா, இது பயிர்."

"நான் வெதைக்கவே இல்லீங்க."

"உழுதது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வானத்தைப் பார்த்தாள்.

"நானுங்க."

சார் குத்தகைத் தாளை மடித்து வைத்துவிட்டு, 'பயிர் நிலம், கம்பெனிக்கு வேண்டாம்' என்று எழுதிய வேறொரு தாளை நீட்டினார். பதினைந்து நாள் பழகிய அழகான கையெழுத்தை, 'மேற்படி நிலத்தில் சாகுபடி செய்பவர்' என்ற வரிக்குக் கீழே அப்பா போட்டார்.

ஜீப் திரும்பியதும் அம்மா களைக்கொத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"கெழக்கால இருந்து ஆரம்பிங்க, ஐயா."