அக்காவுக்கு நான் கட்டிய கல்லறை

என் அக்காவை நான் ஒரு முறை சாகடித்திருக்கிறேன். தோற்றம், மறைவு, சிரித்த முகத்துடன் ஒரு போட்டோ எல்லாம் போட்டு, ஊரறிய. (அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். போன வாரம்கூட என் சாம்பாரைக் குறை சொன்னாள்.)

அப்போது விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அது என்ன படிப்பு என்று அப்பாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர் மாதிரி" என்று சொல்லிச் சமாளித்தார். புராஜெக்டுக்கு எங்கள் சார் சிரிப்புப் பேய்ப்படம் ஒன்றைக் கொடுத்தார். ஆனால் படம் எடுக்க வேண்டாம். இரண்டு நிமிட டிரெய்லரும் போஸ்டரும், "யாரும் யோசிக்காத" ஒரு விளம்பரமும் இருந்தால் போதும். பெண்ணே இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சொன்ன கதைதான். எனக்கோ அது உலக சினிமாவின் வாசலாகத் தெரிந்தது.

படத்துக்கு "மூணாவது பந்தி" என்று பெயர் வைத்தேன். கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது செத்துப்போகிற ஒரு பெண், தன் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிடாத ஏக்கத்தில், ஊரில் நடக்கிற ஒவ்வொரு கல்யாணத்திலும் மூன்றாவது பந்தியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். சோறு தீர்ந்துபோகும். அவ்வளவுதான் கதை. என் வகுப்பில் படித்த திண்டிவனத்துச் செந்திலின் சித்தப்பா கல்யாண வீடியோ எடுப்பவர். கேமரா அவர்கள் வீட்டில் இருந்ததால் செந்தில் ஒளிப்பதிவாளர். நான் இயக்குநர். பேயாக நடிக்க வந்த பெண்ணை அவள் அப்பா தடுத்துவிட்டதால் பேயும் நானே.

அதே சமயம் வீட்டில் நிஜக் கல்யாணப் பேச்சு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரீட்டா அக்காவுக்கு ஐந்து வருடமாக வரன் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் காபியைக் குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், போனார்கள். கடைசியில் திண்டிவனத்திலிருந்து ஜெயமேரி அத்தை தன் மகன் ஜார்ஜுக்காக வந்தார். அத்தையின் அக்கா எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் ஊர்க் கல்லறையில் அடக்கமானவர். அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம். நவம்பர் இரண்டாவது ஞாயிறு நிச்சயதார்த்தம் என்று முடிவானது. யார் வந்தாலும் ஒரே நைலக்ஸ் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிற அக்கா, இந்த முறை தானாகவே பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். அவளுக்கு ஜார்ஜைப் பிடித்திருந்தது.

எனக்கு அப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை. யாரும் யோசிக்காத விளம்பரத்தை நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது! பேய்க்கு ஒரு கல்லறை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அங்கே மண்ணைக் குவித்து, தெர்மாகோல் சிலுவை நட்டு, ஃபிளெக்ஸில் பெயர்ப்பலகை அடித்து வைத்தால், டிரெய்லருக்குக் கடைசிக் காட்சியும் ஆச்சு, போஸ்டரும் ஆச்சு.

பலகைக்கு ஒரு போட்டோ வேண்டும். என் போட்டோவைக் கல்லறையில் வைக்க எனக்குப் பயமாக இருந்தது. அலமாரியில் அக்காவின் போட்டோ கிடந்தது. வரன் பார்ப்பதற்காக ஸ்டுடியோவில் எடுத்தது. அரக்குப் பட்டு, பின்னால் அருவி போட்ட திரை. அதன் இன்னொரு பிரதி யார் வீட்டில் இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. (யோசிக்கிற பழக்கம் எனக்கு அப்புறம்தான் வந்தது. வந்ததா என்பதில் வீட்டில் இன்னும் சந்தேகம் உண்டு.) பெயரை மட்டும் மாற்றி மேரி பிலோமினா என்று போட்டேன். என் மனசாட்சி அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

விழுப்புரத்தில் ஃபிளெக்ஸ் கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததுமே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னிக்கும்மா தவறிப்போச்சு?"

"போன வெள்ளிக்கிழமைன்னு வச்சுக்குங்கண்ணா."

"வச்சுக்கணுமா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்காமலே இரண்டு புறாக்களையும், அடியில் "மீளாத் துயரில் வாடும் குடும்பத்தார்" என்ற வரியையும் சேர்த்துக் கொடுத்தார். இவ்வளவு தத்ரூபமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பர் முதல் தேதி படப்பிடிப்பு. பங்குச் சாமியாரிடம் "காலேஜுக்கு ஒரு சின்ன வீடியோ" என்று அனுமதி வாங்கியிருந்தேன். முழங்கால் அளவு புல்லும் எருக்கஞ்செடியுமாகப் பேய்க்குத் தோதாக இருக்கும் என்று நம்பிப் போனால், தோட்டம் பளபளவென்று இருந்தது. மறுநாள் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற கல்லறைத் திருநாள். ஊரே கூடிப் புல்லைப் பிடுங்கி, கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தது. வருடா வருடம் நடப்பதுதான். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற எனக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை.

"இன்னாடி இது, எங்க ஊர்ல கல்யாண மண்டபம்கூட இவ்ளோ சுத்தமா கெடயாது!" என்றான் செந்தில்.

மதில் ஓரம் குவித்திருந்த களைகளை அள்ளி வந்து மறுபடி நட ஆரம்பித்தோம். நாங்கள் நடநட, சுத்தம் செய்ய வந்திருந்த ஒரு அம்மாள் பின்னாலேயே வந்து பிடுங்கினார். "இப்பத்தானே புடுங்கிக்கினு போனேன், அதுக்குள்ள மொளச்சிட்டுதே!" என்று அவர் மலைத்துப்போய் நிற்க, நான் வெள்ளை நைட்டியில் தலைவிரி கோலமாக அவரிடம் விளக்கம் சொல்ல, அவர் என் நைட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் "களையைத் தொடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பேயை அவர் மதிக்கவே இல்லை.

எப்படியோ கடைசிக் காட்சியை எடுத்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. சித்தப்பாவின் கேமரா நனைந்தால் தன் கதை முடிந்தது என்று செந்தில் பைக்கில் பறந்தான். நான் வீட்டுக்கு ஓடினேன். செட்டைக் கலைப்பது ஒளிப்பதிவாளர் வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊர் அவளுடையது, அவளே கலைத்துக்கொள்வாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். மறுநாள் பகல் முழுக்க விழுப்புரத்தில் உட்கார்ந்து எடிட்டிங் செய்தோம். இருவரும் கல்லறையைப் பற்றிப் பேசவே இல்லை.

சாயங்காலம் நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தால், எல்லோரும் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைக்குக் கிளம்பி நின்றார்கள். அக்கா அரக்குப் பட்டில் இருந்தாள். "அத்த அவங்க அக்கா கல்லறைக்கு வர்றாங்க, நாள் குறிச்சப்பவே சொன்னாங்க. அப்புறம் நம்ம வூட்டுக்கு காபிக்கு வர்றாங்க" என்று அம்மா சொன்னபோதுதான் எனக்குத் தெர்மாகோல் சிலுவை ஞாபகம் வந்தது. ஆனாலும் செந்தில் எடுத்திருப்பான் என்று என்னையே தேற்றிக்கொண்டு நடந்தேன்.

அவன் எடுக்கவில்லை. மழையில் நனைந்தும் ஃபிளெக்ஸ் அசையாமல் நின்றது. எங்கள் பக்கத்தில், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சொந்தக்காரர் யாரும் வராத கல்லறையைப் பார்த்தால் பாவம் என்று ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். என் பேயின் கல்லறையில் ஐம்பது மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. தாத்தாவுக்கு ஒன்றுகூட இல்லை. சாமியார் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருந்தார்.

அந்தக் கல்லறைக்கு முன்னால் ஜெயமேரி அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வேறு பெயர் போட்டிருந்தது அவரைக் கொஞ்சமும் குழப்பவில்லை. எங்களில் வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று. கல்லறையில் போடுவது இரண்டாவதைத்தான். போட்டோவோ அவர் வீட்டில் இருக்கிற அதே போட்டோ. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பெண் போன வெள்ளிக்கிழமை செத்துப்போய்விட்டாள், தனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை என்று அந்த மனுஷி மனமுருகி அழுகிறார். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் அக்கா பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டாள்.

"வாங்கத்த, எப்ப வந்தீங்க?"

அத்தை திரும்பினார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அதே அரக்குப் பட்டு, அதே சிரிப்பு.

அந்த அலறல் தேசிய நெடுஞ்சாலை வரை கேட்டது என்பார்கள். டிரெய்லருக்காக நானும் செந்திலும் மூன்று நாள் கத்திக் கத்திப் பதிவு செய்த ஒன்றும் அதன் கால்தூசிக்குச் சமமாகாது. கேமரா கையில் இல்லையே என்று நான் ஒரு கணம் வருத்தப்பட்டதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அத்தையை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சத்தம் கேட்டுச் சாமியார் வந்தார். நான் உளறியதையெல்லாம் கேட்டுவிட்டு, "உள்ள ஆளே இல்லன்னா நான் யாருக்கும்மா மந்திரிச்சேன்?" என்றார். அப்பா சிலுவையைப் பிடுங்கினார். அது கிறீச்சிட்டு இரண்டாக உடைந்து, தெர்மாகோல் உருண்டைகள் அவர் வேட்டி முழுக்க ஒட்டிக்கொண்டன. அத்தை எழுந்து, "காபி வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

அக்கா வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைத்தாள். ஃபிளெக்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இந்தப் போட்டோல மூக்கு பெருசா கீதுடி. வெக்கறதுதான் வெச்ச, வேற போட்டோ வெச்சிருக்கக் கூடாதா?" என்றாள். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நான் அழுதேன். அந்தச் சம்பந்தமும் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று முதல் முறையாகப் புரிந்தது.

மூன்று நாள் திண்டிவனத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான்காம் நாள் அப்பா, அம்மா, நான், எல்லாம் வெறும் சினிமா என்று நிரூபிக்க ஒரு சிடியோடு அத்தை வீட்டுக்குப் போனோம். ஜார்ஜ் டிவியில் போட்டார். (அதை ஒரு முறை தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப்போகலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.) நிச்சயமான பெண் செத்துப்போகிறாள். பேயாகி வருகிறாள். அம்மா என் தொடையைக் கிள்ள ஆரம்பித்தாள். அடுத்தது பந்திக் காட்சி. ஆள் சேர்க்க முடியாததால் அதை மட்டும் செந்தில் தனியாக உட்கார்ந்து, அவன் சித்தப்பாவின் பழைய கல்யாண வீடியோவிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தான். "மூணாவது பந்தியில் உங்கள் பக்கத்தில் இருப்பது யார்?" என்று எழுத்து ஓட, திரை முழுக்க ஒரு முகம், எலும்பு கடித்துக்கொண்டிருந்தது.

ஜெயமேரி அத்தையின் முகம்.

ஜார்ஜ் சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இது எங்க தெரு சகாயம் கல்யாணம்" என்றார் அத்தை நிதானமாக. "பேய் வந்துதான் சோறு தீரணுமா? அந்தக் கல்யாணத்துல ரெண்டாவது பந்தியிலயே தீந்துபோச்சு." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் போட்டோவ ஏன் வெக்கல?"

"பயமா இருந்திச்சுங்க அத்த."

"அக்காளோடத வெக்க பயமா இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரீட்டா இன்னா சொன்னா?"

மூக்கு பெரிதாக இருக்கிறது, வேறு போட்டோ வைத்திருக்கலாம் என்றாள் என்று சொன்னேன். வேறு எதையாவது புனைந்து சொல்லும் தெம்புகூட எனக்கு இல்லை. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. மறுபடி அழுகிறார் என்றே நினைத்தேன்.

"தன் கல்லறையப் பாத்து மூக்கு சரியில்லங்கறா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைய மாமியாரா வெச்சிக்கினு குடும்பம் நடத்த இப்பிடி ஒருத்திதான் லாயக்கு. ஞாயித்துக்கெழம வர்றோம். இவ மட்டும் கேமராவத் தொடக் கூடாது."

கல்யாணம் தை மாதம் நடந்தது. என்னைப் பந்தியில் உட்காரவிடாமல் சந்தனமும் கல்கண்டும் வைத்த வரவேற்புத் தட்டோடு வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். சார் என் டிரெய்லரைப் பார்த்துவிட்டு "பயமே வரலம்மா" என்று மார்க்கைக் குறைத்தார். அவரைத் திண்டிவனத்தில் அத்தை வீட்டு டிவி முன்னால் உட்காரவைத்திருக்க வேண்டும்.

இப்போதும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அத்தை வருகிறார். தன் அக்காவுக்கு ஏற்றிவிட்டு, எங்கள் தாத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வெறுந்தரையில் மறக்காமல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். "ஒரு தடவ அழுதுட்டேன், வுட மனசு வரல" என்பார். ஒரு வருடம் அக்காவின் சின்ன மகள் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயா, இங்க யாரு கீறாங்க?"

"உங்கம்மா" என்றார் அத்தை.

குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அக்கா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இதையும் உன் டிரெய்லர்ல சேத்துக்க" என்றாள் என்னைப் பார்த்து.