மொத்த லாட்டும் ரிஜெக்ட்

மனித குலத்தில் நிறபேதம் எந்த இடத்தில் ஒழிந்தது என்று நாளைக்குப் பரீட்சையில் கேள்வி வரும். ஐரோப்பா, அமெரிக்கா என்று எதையாவது எழுதி மதிப்பெண்ணை இழக்காதீர்கள். சரியான விடை: ஆம்பூர், கன்னியப்பன் வீட்டுக் கொல்லைப்புறம், துணி துவைக்கும் கல்லுக்கு எதிரே. ஒழித்த குழுவுக்குத் தலைவர் அடியேன்.

இதை நான் டீக்கடையில் அறிவித்தபோது சர்தார் பாஷா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"உடாதபா. போன மாசம் மேல்பட்டி ஸ்டேஷன்ல ரயில ஒத்தக் கையால நிறுத்தினேன்னு சொன்னவன்தானே நீ?"

"நின்னுதா இல்லையா?"

"அது ஸ்டேஷன்பா! அங்க நிக்கத்தான் செய்யும்!"

நானும் அவரும் தோல் பதனிடும் ஒரே டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவு. ஊரில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு ஆளுக்கொரு பணி எடுத்துக்கொண்டோம். நடந்ததைச் சொல்வது என் பணி. நம்பாமல் இருப்பது அவர் பணி. அவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. தாத்தாவை 'நானா' என்று கூப்பிடும் மகள் வயிற்றுப் பேத்தி ஹீனாவுக்கு வாராவாரம் மருந்துக் கடையில் முகம் வெளுக்கும் கிரீம் வாங்கிப் போவார். அதில் அவர் தவறியதே இல்லை. அறிவியலில் அவ்வளவு நம்பிக்கை. அன்றும் பையில் கிரீம் டப்பா இருந்தது. கத்திரி வெயிலில் மனிதர் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தானை வேறு இறுக்கிப் பூட்டியிருந்தார். கேட்டால் ஃபேஷன் என்றார்.

"சரி, சொல்லு. கேக்கறதுக்கு துட்டா குடுக்கப்போறேன்," என்றார். சொன்னேன்.

எங்கள் ஊர் கறுப்பை மதிப்பதுபோல் உலகில் எந்த ஊரும் மதிப்பதில்லை. கறுப்பு ஷூவை அனுப்பித்தான் எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். எத்தியோப்பியாவிலிருந்து ஆட்டுத்தோல் வந்து இறங்கினால் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எழுந்து நிற்போம். தடவிப் பார்த்து, "இன்னா கிரெயின், இன்னா சாஃப்ட்டு!" என்று கண்ணை மூடிக்கொள்வோம். எத்தியோப்பியத் தோலுக்கு எங்கள் ஊரில் முதல் மரியாதை. அதற்குள் மனிதர் யாரும் இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் எங்கள் நிபந்தனை.

எங்கள் டேனரி கன்னியப்பனின் மூத்த மகன் நவீன்குமார் இந்த நிபந்தனையைச் சரியாகப் படிக்கவில்லை. தோல் டெக்னீஷியனாக அடிஸ் அபாபாவுக்குப் போனவன், அங்கேயே அல்மாஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். போட்டோ தபாலில் வந்த மறுநாளே கன்னியப்பன் 'குடும்ப ஒற்றுமை'யைக் காப்பாற்ற வீட்டின் குறுக்கே கொல்லைப்புறம் வரை சுவர் எழுப்பினார். இந்தப் பக்கம் அவரும், மனைவி கெங்கம்மாளும், இளைய மகன் குடும்பமும். அந்தப் பக்கம் நவீன்குமாரின் பாகம், பூட்டோடு. சுவரில் கதவு கிடையாது. காற்று வர வேண்டும் என்று கொத்தனார் இடுப்பு உயரத்தில் வரிசையாக ஓட்டைகள் மட்டும் விட்டிருந்தார். அந்தக் கொத்தனார் ஒரு தீர்க்கதரிசி. அது பிறகு.

அங்கே டேனரி மூடப்பட்டதும் நவீன்குமார் மனைவியோடும் பதினாறு வயது மகளோடும் அந்தப் பூட்டைத் திறந்துகொண்டு வந்து சேர்ந்தான். மகள் பெயர் செலாம். பெயரைச் சொன்னாலே பஜாரில் பாதிப் பேர் பதில் சலாம் வைத்தார்கள்.

ஊர் அவளை வரவேற்ற விதம் இருக்கிறதே, கண்ணில் நீர் வரும். காய்கறிக்காரர், "மேடம், விச் கன்ட்ரி?" என்றார்.

"அண்ணா, கால் கிலோ கத்திரிக்கா. சொத்த இல்லாம பாத்துப் போடுங்க," என்றாள் அவள். பிறந்ததிலிருந்து அப்பன் பேசிய ஆம்பூர்த் தமிழ்.

"தமில் குட்! வெரி குட்!" என்று அவர் தொடர்ந்து ஆங்கிலத்திலேயே உபசரித்தார். சொத்தையும் போட்டார். பள்ளிக்கூடம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆண்டு விழாவில் 'வேற்றுமையில் ஒற்றுமை' நடனத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்து, மேடையின் ஓரத்தில் தனியாக நிற்கும் வேடம் கொடுத்தார்கள்.

அவளுக்கு ஊர் ஒரு பொருட்டில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கன்னியப்பனுக்கு எண்பதாம் கல்யாணம் வந்தது. அன்று பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று தாத்தா தலையில் கலசத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வரிசையில் தானும் நிற்க வேண்டும். ஒரு சொம்பு தண்ணீர் போதும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிற்றப்பன் மகள் பூர்ணிமா வழியாக மனு அனுப்பினாள். பூர்ணிமாவுக்கும் பதினாறு வயது. இரண்டும் ஓட்டை வழியாகவே சிநேகிதம் பிடித்து, ஓட்டை வழியாகவே கணக்கு நோட்டு மாற்றிக்கொள்ளும்.

கன்னியப்பன் மறுத்தார். கெட்ட எண்ணத்தால் மறுத்தார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அது தொழில் தர்மம். எங்கள் டேனரியின் ஷேடு மாஸ்டர் அவர். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் மாதிரித் துண்டை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தோலோடு ஒட்டிப் பிடித்து, நிறம் பொருந்துகிறதா என்று சொல்வார். டியூப் லைட்டில் பார்க்க மாட்டார். மேகம் வந்தால் வேலையை நிறுத்திவிடுவார். பொருந்தாத தோலின் முதுகில் ஊதா மையில் 'ரிஜெக்ட்' என்று குத்துவார். குத்திய முத்திரையை ஒருநாளும் வாபஸ் வாங்கியதில்லை. ஓய்வு பெற்றபோது அந்த முத்திரையையே நினைவுப் பரிசாகக் கொடுத்து அனுப்பினோம். திரும்பி வரக் கூடாது என்ற பயம்தான்.

"யோவ் டிஸ்பேட்ச்," என்றார் என்னிடம். "ஒரு லாட்ல ஒரு தோல் ஷேடு மாறினா இன்னா ஆவும்?"

"மொத்த லாட்டும் திரும்பி வரும்."

"அவ்ளதான். போட்டோ எடுப்பாங்க. மேட்ச் ஆவாது. எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல. ஷேடு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தோல் துண்டை எடுத்துக் காட்டினார். தேன் நிறம். அதுதான் 'குடும்ப ஷேடு'. இளைய மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதெல்லாம் அந்தத் துண்டு கூடவே போனது. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பெண்ணின் கன்னத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவர் அவர். குடியாத்தத்தில் ஒரு வீட்டில் துரத்தியும் விட்டார்கள். பாவம், தொழில் தெரியாதவர்கள்.

பதில் ஓட்டை வழியாக வந்தது. "தாத்தா! பாக்காமலே ரிஜெக்ட் பண்ணுவீங்களா? டேனரில அப்படித்தான் செய்வீங்களா?"

கன்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஜாதகத்தைக் குறை சொல்லலாம், பிள்ளையைக் குறை சொல்லலாம். இன்ஸ்பெக்ஷனைக் குறை சொன்னால் விடுவாரா?

"டெஸ்ட் வைங்க," என்றாள் செலாம். "எங்க அப்பா சொல்லிருக்காரு. எந்தத் தோல் யாரு சரக்குன்னு மாஸ்டருக்குத் தெரியக் கூடாதாம்ல? எல்லாரும் இந்தப் பக்கம் வந்து ஓட்டையில கைய நீட்டறோம். பொருந்தலைன்னா நான் வரிசையில நிக்கல."

"ஒரு வார்த்த மாறக் கூடாது," என்றார் கன்னியப்பன்.

"நீங்களும்."

உடனே 'குடும்ப நிறப் பொருத்த ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் நான். உறுப்பினரும் நான். காலை வெளிச்சத்தில் குழு கூடியது. சுவர் வடக்குப் பார்த்தது; மேகம் இல்லை. வளையல், மோதிரம் எல்லாம் கழற்றப்பட்டன. கன்னியப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு கையில் தேன் துண்டு, இன்னொரு கையில் முத்திரை.

முதல் கை வெளியே வந்தது. துண்டை ஒட்டிப் பிடித்தார்.

"இது என் சின்னப் பையன். வெயில்ல சுத்தறான். ஒரு ஷேடு டவுன். வேற வழியில்ல, ரிஜெக்ட்." குத்தினார்.

இரண்டாவது கை. "இதோ! இதான் அந்த ஊரு சரக்கு! கண்ணு பொய் சொல்லாதுய்யா. ரெண்டு ஷேடு டவுன்!" முத்திரை ஓங்கி விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், "ஆ... தாத்தா, மெதுவா!" என்று குரல் வந்தது. அது பூர்ணிமாவின் குரல்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். தலைவர் நடுநிலை தவறக் கூடாது.

"அப்ப மொதல் கை யாரு?"

"நான்தான் தாத்தா," என்றாள் செலாம். "சித்தப்பா என் பக்கத்துல நிக்கறாரு."

வேறொருவராக இருந்தால் அங்கேயே சண்டை போட்டுக் கலைந்திருப்பார். கன்னியப்பன் தொழில்காரர். "அடுத்தது," என்றார். மகன்கள் இருவரும் ரிஜெக்ட். இளைய மருமகள், தேன் துண்டு பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தவள், அவளும் ரிஜெக்ட். பெண் பார்த்த அன்றைக்கு அவர்கள் வீட்டில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்துவிட்டாராம். அல்மாஸ் ரிஜெக்ட். கடைசியில் தீச்சுட்ட தழும்போடு ஒரு கை வந்தது.

"இது கெங்கம்மா கை. நீ எதுக்கு இப்ப நீட்டற?"

"மேட்ச் ஆவுதா, இல்லையா? அதச் சொல்லு."

நெடுநேரம் பார்த்தார். "...ரிஜெக்ட்."

"இத்தினி வருசம் எங்க போச்சு உன் கண்ணு?" என்றது சுவர்.

அப்புறம் வாசல் சத்தம் கேட்டது. கதவு இல்லாத சுவர் அல்லவா. செலாம் தெருவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். மணிக்கட்டில் ஊதா மை காயவில்லை. நேராக வந்து அவர் கையிலிருந்த துண்டை வாங்கினாள். "இன்னும் ஒரு கை பாக்கி தாத்தா. நீட்டுங்க."

அவருடைய கையின் மேலேயே வைத்தாள். தேன் துண்டு அங்கே பகல் நிலா மாதிரி கிடந்தது. நான் கருத்துச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். தேவைப்படவில்லை. அவரே குனிந்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, மாஸ்டர் குரலில் சொன்னார்:

"மூணு ஷேடு டவுன்."

பேத்தி முத்திரையை எடுத்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. டப்பென்று விழுந்தது. கன்னியப்பன் அதை உற்றுப் பார்த்து, "மை நல்லா பிடிச்சிருக்குது," என்றார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "யோவ் டிஸ்பேட்ச். ஒரு தோல் மாறலாம், ரெண்டு மாறலாம். மொத்த லாட்டும் மாறுமா? துண்டுதான்யா தப்பு. இத எந்த லாட்லேருந்து எடுத்தேன்?"

எனக்குத் தெரியும். அந்த லாட்டைப் பேக் செய்தவனே நான்தான். ஜெர்மன்காரன் லேடீஸ் ஹேண்ட்பேகுக்கு அனுப்பிய மாதிரித் துண்டு அது. ஆக, ஒரு குடும்பம் இத்தனை காலம் மனிதரைப் போல இல்லை என்று யாரையும் ஒதுக்கவில்லை. கைப்பையைப் போல இல்லை என்றுதான் ஒதுக்கியது. நிறபேதம் என்று சொன்னால் அது அபாண்டம்.

"அப்ப நான் தண்ணி ஊத்தலாமா தாத்தா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லார் கையிலும் ஊதா. "எல்லாம் ரிஜெக்ட். லாட் ஒரே மாதிரி ஆயிட்ச்சு," என்றார். "யோவ், இன்னா நிக்கற? டிஸ்பேட்ச் பண்ணு!"

எண்பதாம் கல்யாணத்தன்று முதல் சொம்பு தண்ணீர் செலாம் ஊற்றியது. சாம்பார் அண்டா தெருவைச் சுற்றி வர முடியாது என்று சமையல்காரர் அடம்பிடிக்கவே, சுவரை நடுவில் இடித்தார்கள். ஊருக்கே சாப்பாடு. ஆனால் பந்தல் வாசலில் செலாமும் பூர்ணிமாவும் முத்திரையோடு நின்றார்கள். கையில் ரிஜெக்ட் குத்திக்கொள்ளாதவருக்குப் பந்தியில் இலை கிடையாது. மேனேஜர் குத்திக்கொண்டார். காய்கறிக்காரர் குத்திக்கொண்டு, "தேங்க் யூ மேடம்," என்றார்.

இங்கே நான் கதையை முடித்து டீயைக் குடித்தேன்.

"பொய்," என்றார் சர்தார் பாஷா. "மொத்தமும் பொய். ஊரே கை நீட்டுச்சாம்! நான் அன்னிக்கு பேரணாம்பட்டுல இருந்தேன்."

"அப்படியா? கடைசிப் பந்தியில மூணு தடவ பாயசம் கேட்ட ஒரு குரல்..."

"எவன்டா சொன்னது?"

"முழுக்கைச் சட்டை வேர்க்கலையா பாய்?"

அவர் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்தார். பாதி அழிந்த ஊதா எழுத்து. சோப்பு போட்டுத் தேய்த்த தடமும் இருந்தது.

"பந்தி முடியறப்ப வந்தேன். நீ விடற கதையக் கண்ணால பாக்கலாம்னு," என்றார். "வீட்டுக்குப் போனா ஹீனா கையப் புடிச்சுப் பாத்தா. எழுத்துக் கூட்டிப் படிச்சா. சிரிச்சா. 'கவலப்படாதீங்க நானா, உங்களுக்கு ஒரு வாரத்துல போய்டும்'னா."

பையிலிருந்த கிரீம் டப்பாவை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார்.

"நீ சொன்னது நடந்துச்சுபா," என்றார் சர்தார் பாஷா. "எங்க வீட்ல தெனமும் நடக்குது. மை இல்லாம."