கம்ப்யூட்டர் அறையில் பதினான்கு துண்டுகள்

1987 ஜூலை 13, திங்கட்கிழமை, காலை மணி பத்து பத்து. தென்காசியில் நல்ல சாரல். எங்கள் நூற்பாலை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறைக் கதவை மெட்ராஸ் தலைமை அலுவலக அதிகாரி திறந்தார். உள்ளே கொடியில் பதினான்கு ஈரத் துண்டுகள் தொங்கின.

கொடி கட்டியவர் எங்கள் பர்சனல் ஆபீசர். ஊழியர் நலத்துக்கு அவரைப்போல் உழைத்தவரும் இல்லை, ஊழியர்களுக்கு அவரளவு ஜலதோஷம் பிடிக்க வைத்தவரும் இல்லை. கழுத்தில் எப்போதும் ஈரத் துண்டு கிடக்கும். அதனால் துண்டு ஆபீசர். யார் என்ன குறை சொன்னாலும் குற்றாலத்துக்கு அனுப்புவார். தலைவலிக்கு ஐந்தருவி, வீட்டுச் சண்டைக்கு மெயினருவி.

"என் மேசைக்கு மேல கூரை ஒழுகுது சார்" என்று ஒருமுறை முறையிட்டேன்.

"ஐந்தருவியில ஒழுகாததா வே இங்கன ஒழுகுது? அங்கன போயி நனைஞ்சிட்டு வாரும். பொறவு இது தெரியாது."

போனேன். மறுநாள் பதினேழு தும்மல்.

"பாத்தீரா, சூடு எறங்குது" என்றார்.

ஜூன் மாதம் கம்ப்யூட்டர் வந்தது. முப்பத்திரண்டு பேருக்கு நான்கு மின்விசிறி. அந்த ஒன்றுக்குத் தனி ஏ.சி. கூடவே ஒரு கடிதம்: வருகைப் பதிவை இனிக் கம்ப்யூட்டர் பார்க்கும், அந்தப் பிரிவில் உபரி ஆளின் பெயரை அனுப்பவும். அந்தப் பிரிவே நான் ஒருவன்தான். வயது நாற்பத்தாறு, பெண்கள் மூன்று. 

துண்டு ஆபீசர் பெயரை அனுப்பவில்லை. மூன்று நினைவூட்டல் வந்தும் அசையவில்லை. ஒருநாள் கம்ப்யூட்டர் அறைக்குள் போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தார்.

"சாரல்ல துணி மூணு நாளாக் காயல. உள்ள என்னமாக் காயுது தெரியுமா வே? மெஷினுக்கு மட்டுந்தான் சொகமா?"

மறுநாளே கொடி கட்டியாயிற்று. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் துண்டைப் போட்டுவிட்டுப் பேரேட்டைத் திறந்தார்கள்.

பெயர் வராத கோபத்தில்தான் அதிகாரி நேரில் வந்திருந்தார்.

"என்ன சார் இது?"

"ஊழியர் நலம் சார்."

"பிரிண்டர் மேல சொட்டிட்டிருக்கு."

"சரியாப் பிழியாம போட்டிருக்கானுவ." என் பக்கம் திரும்பினார். "வே, மொத்தம் எத்தன?"

"பதினாலு சார். மூணு சொட்டுது. ஒண்ணுல சோப்பு போகல."

"பாத்தியளா சார், இவரத்தான் உபரிங்கிய. இந்த ரூமைப் பாத்துக்கிட ஆளு வேண்டாமா? இவரையும் அனுப்பிட்டா நாளைக்கு வேட்டியெல்லாம் வந்துரும்."

அதிகாரி தோளில் விழுந்த சொட்டைத் துடைத்தார். அங்கேயே நின்று என்னைக் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளராக்கி எழுதினார். அதே தாளில், துண்டு ஆபீசரின் வருடாந்தர உயர்வை வெட்டியும் எழுதினார்.

சாயங்காலம் அவர் முன் போய் நின்றேன்.

"என்னால உங்களுக்கு இன்கிரிமென்ட் போச்சே சார்."

"போனாப் போவுது. பழைய அருவியில தண்ணி நல்லா வுழுதாம். வாரீரா?"

ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு வருடம் அந்த அறையில் இருந்தேன். மூன்று பெண்களுக்கும் கல்யாணம் ஆயிற்று. அவருக்கு வெட்டுப்பட்டது மாதம் முப்பத்தைந்து ரூபாய்; ஓய்வுக்கு அப்போது இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவர் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. நான்தான் அடிக்கடி கூட்டுகிறேன்: ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.