ஒரு சின்னக் கூடுதல் கருத்து

ஆசிரியர்களில் ஓர் அபூர்வப் பிறவி உண்டு. பள்ளிக்கூடத்தில் பார்த்தால் சாதாரண மனிதர்தான். பயிற்சி என்று சுற்றறிக்கை வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். திண்டுக்கல்லில் எந்த மண்டபத்தில் ஆசிரியர் பயிற்சி நடந்தாலும், முதல் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, சொந்தக் காசில் வாங்கிய ஸ்கெட்ச் பேனாக்களோடு உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். உற்சாகப் பங்கேற்பாளர்.

பயிற்சி தர வந்த மேடம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இவர் கை மேலே போய்விடும். சந்தேகமா? சந்தேகமெல்லாம் நமக்குத்தான். அவரிடம் இருப்பது 'ஒரு சின்னக் கூடுதல் கருத்து'. அது டீ வரும்வரை ஓடும். விளையாட்டு என்றால் முதலில் குதிப்பார், முட்டிவலிக்காரர்களையும் முயலாகக் குதிக்க வைப்பார், சார்ட் பேப்பருக்குப் பூப்போட்ட பார்டர் போடுவார், குழுவின் கருத்தைக் குழுவைக் கேட்காமலே எழுதுவார், சாயங்காலம் எல்லோரும் பையைத் தோளில் மாட்டும்போது “மேடம், இன்னொன்னு” என்பார். இதுவரை யாரும் அவரை அடித்ததில்லை. ஆசிரியர்கள் பொறுமைசாலிகள்.

போன மாதம் நடந்ததைக் கேளுங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையைப் பேச வைப்பது எப்படி என்று ஒரு பயிற்சி. எரியோட்டுப் பக்கமிருந்து தாஹிரா டீச்சர் வந்திருந்தார். வேலைக்குப் புதுசு. அவர் வகுப்பில் பொன்னழகு என்று ஒரு சிறுமி. பள்ளி திறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் நன்றாகப் பேசுகிறாளாம். “நீங்க திட்டுறீகளா டீச்சர்?” என்று அவள் அம்மா கேட்டுவிட்டுப் போன நாளிலிருந்து டீச்சருக்குச் சரியான தூக்கமில்லை. அன்று யாரிடமாவது கேட்டே தீருவது என்று வந்திருந்தார். வந்தவரை யார் குழுவில் போட்டார்கள்? நம் ஆள் பிராங்கிளின் சார் குழுவில்.

“சார், என் கிளாஸ்ல ஒரு பொண்ணு...”

“புரியுது டீச்சர், செத்த இருங்க. டீச்சர் என்ன சொல்ல வாராங்கன்னா...” என்று ஆரம்பித்து, தன் பள்ளியில் தான் பேச வைத்த பையன்களின் வரலாற்றை விரித்தார்.

“அதில்ல சார், அவ வீட்டுல...”

“அதேதான்! இம்புட்டு அழகா எடுத்துக் குடுத்தீங்க பாருங்க!”

கேள்வி நேரம் வந்தது. தாஹிரா டீச்சர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்தார். பிராங்கிளின் சார் ஏற்கெனவே மைக்கோடு நின்றிருந்தார்.

“மேடம், எங்க குழுவுல எல்லாரும் மனசு விட்டுப் பேசுனோம். பேசாத பிள்ளைகிட்ட நாம மொதல்ல வாயை மூடிக்கிட்டு காது குடுக்கணும். இதான் எங்க முடிவு.”

ஒரே கைதட்டல். இந்த முடிவை அவர் விளக்கி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. மேடம் அவருக்கு ஒரு பேனா பரிசளித்துப் படமும் எடுத்துக்கொண்டார். தாஹிரா டீச்சர் எழுந்த சுவடு தெரியாமல் உட்கார்ந்து, கேட்காத கேள்வியோடு பஸ் ஏறினார். பக்கத்துக் குழுவில் இருந்து பார்த்த எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாளும் பொன்னழகு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள், அவள் எதிரே என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சர் நிற்பார்.

இந்த ஆளை எனக்கும் தெரியுமே என்று சிரிக்கிறீர்கள், இல்லையா? நல்லது. போன கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாரா, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, எல்லோரும் மனசு விட்டுத்தானே பேசினோம் என்கிறீர்களா?

பிராங்கிளின் சாரும் அதைத்தான் சொன்னார்.