கடைவாய்ப் பல்லுக்கு ஒரு ஹெல்மெட்

வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தன்னுடைய இடது கடைவாய்ப் பல் தன்னுடைய வாயிலேயேதான் இருக்கும் என்று அட்டவணையார் முடிவு செய்தார். உலகமே திரண்டு வந்தாலும் சரி, மனைவி வந்தாலும் சரி. இரண்டில் எது பெரிய படை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் முடிவு செய்தார் என்றால் அவருடைய துணிச்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பஸ்களுக்கு நேர அட்டவணை போடுவது அவருடைய வேலை. எந்த பஸ் எப்போது கிளம்பும், எங்கே திரும்பும், டிரைவர் எத்தனை நிமிஷம் டீ குடிக்கலாம் எல்லாம் அவருடைய பென்சில் முனையில் இருக்கிறது. இருநூற்றுப் பத்து பஸ்கள் ஓடுகிற ஊரில் ஒன்றின் மூக்கில் இன்னொன்று இடிக்காமல் இருப்பதே தன்னால்தான் என்று நம்புகிறவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கவிழ்ப்பது பெரிய காரியமா என்ன?

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பல் டாக்டர். ஆற்றுப் பாலம் தாண்டிப் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி கிளினிக். அட்டவணையாருக்கு மச்சானிடம் பயமெல்லாம் கிடையாது. அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்தால் மட்டும் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக யோசிக்க ஆரம்பித்துவிடும். அவ்வளவுதான்.

மனைவிக்கு அந்தத் தொல்லை இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினம் அறுபது பேரை ஊசியால் குத்திவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாக டீ குடிப்பவள்.

"ஏங்க, அண்ணன்கிட்ட பேசிட்டேன்" என்றாள் புதன்கிழமை. "ஞாயித்துக்கிழமை பத்து மணி. உங்களுக்காக லீவு நாள்ல கிளினிக்கைத் திறக்கிறாரு."

"எனக்குத்தான் வலியே இல்லையே!"

"அப்புறம் ஏன் ஒரு மாசமா வலது பக்கமாவே மெல்லுறீங்க?"

"இடது பக்கத்துக்கு ஓய்வு குடுக்கிறேன். மூணு ஷிஃப்டும் ஒரே டிரைவரையா ஓட்டச் சொல்றது?"

"ரிட்டயர்மென்டே குடுத்துடலாம். பத்து மணி, மறந்துடாதீங்க."

அட்டவணையார் வாதாடவில்லை. வாதாடுவது சின்னப் பிள்ளைகள் வேலை. அவர் திட்டம் போடுகிறவர். கிளினிக்குக்குப் போக மூன்று வழி. ஒன்று, எட்டாம் நம்பர் பஸ். அது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாது. 'பயணிகள் குறைவு' என்று எழுதிப் போன மாதம் அதை நிறுத்தியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டு, வாடகைக் கார். கதவைச் சாத்தினாலே மனைவிக்குக் குமட்டும். மூன்று, வீட்டில் நிற்கிற மோட்டார் சைக்கிள்.

இந்த மூன்றாவது வழியை அடைப்பதற்கு அதிர்ஷ்டமே வந்து கை கொடுத்தது. செவ்வாய்க்கிழமை அவருடைய பழைய ஹெல்மெட் மொட்டைமாடிச் சுவரிலிருந்து விழுந்து இரண்டாகப் பிளந்திருந்தது. அது முகத்தை மூடாத அரைச் சட்டி. அவருடைய மூக்குக் கண்ணாடிக்கும் அதற்கும் எந்தச் சண்டையும் இருந்ததில்லை. இனிப் புதிது வாங்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் பாலத்தில் போலீஸ் விடாது. மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது பஸ்ஸா, பஸ் ஸ்டாப்பா என்று அட்டவணையாருக்குத் தெரியாது. அப்படியென்றால் கண்ணாடியும் ஹெல்மெட்டும் ஒரே தலையில் சேரவே முடியாதபடி ஒரு ஹெல்மெட் வாங்கிவிட்டால்?

வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் கிளினிக் இல்லை. கிளினிக் இல்லாவிட்டால் பல் உண்டு. இத்தனை அழகான திட்டத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாததுதான் அவருக்கு ஒரே வருத்தம்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

"கண்ணாடியோட போட்டுப் பாத்து வாங்குங்க. இறுக்கமா வாங்கிடாதீங்க. தாராளமா இருக்கணும்."

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் கறுப்பு வேண்டாம். சிவப்பு."

"சிவப்பா? இந்த வயசுல எனக்கா?"

"வண்டி சிவப்புதானே? பொருத்தமா இருக்கும்."

பல்லையே காப்பாற்றப் போகிறவர் நிறத்தில் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோகிறது? சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

ஹெல்மெட் கடைக்காரரும் கனத்த கண்ணாடி போட்டவர். தன் இனத்தைச் சேர்ந்த ஒருவர் படியேறி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உக்காருங்க சார். நம்மள மாதிரி ஆளுங்க படற பாடு நமக்குத்தான் தெரியும். இதப் பாருங்க, முன்பக்கம் அப்படியே மேல தூக்கிக்கும். மொதல்ல ஹெல்மெட்டைப் போடணும், அப்புறம் கண்ணாடியை மாட்டணும், அப்புறம் இறக்கிக்கணும். உள்ள பஞ்சுல காதுக்கு மேல ஒரு பள்ளம் விட்டிருக்காங்க பாத்தீங்களா? கண்ணாடிக் காம்பு அதுல நேரா போய் உக்காந்துக்கும்."

அட்டவணையார் போட்டுப் பார்த்தார். கண்ணாடியின் இரண்டு காம்புகளும் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தன. காதில் வலி இல்லை. மூக்கில் அழுத்தம் இல்லை. கடைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸின் கடைசி வரி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. அவசரமாகக் கழற்றினார்.

"இது வேண்டாம். கண்ணாடி உள்ள போகாத மாதிரி ஒண்ணு காட்டுங்க."

"போகாத மாதிரியா?"

"போகவே கூடாது."

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எதிரே அதே ஆள்தான் இருந்தார்.

"உங்க தலைக்கு லார்ஜ்தான் சார் சரிப்படும்."

"மீடியம் குடுங்க. முன்பக்கம் தூக்க வராத மாதிரி, கன்னத்துல பஞ்சு நிறைய வச்சது. சிவப்புல."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து அப்படி ஒன்று வந்தது. அட்டவணையார் அதற்குள் தலையை நுழைத்த விதத்தை நுழைத்தல் என்று சொல்லக்கூடாது. திணித்தார். கன்னங்கள் இரண்டும் முன்னால் தள்ளி உதடுகள் மீன் வாயாகக் குவிந்தன. கண்ணாடியை உள்ளே செருகினார். இடது காம்பு வளைந்து வெளியே வந்தது. வலது காம்பு புருவத்தில் ஏறியது. ஒரு மூச்சு விட்டார். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, உலகம் மறைந்துபோனது.

"அருமை!" என்றது உள்ளேயிருந்து குரல்.

"சார், திரும்பக் கொண்டுவந்தா வாங்கிக்க மாட்டேன்."

"கொண்டுவரவே மாட்டேன்."

வீட்டுக்கு வந்தவர் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிளில் மாட்டப் போனபோதுதான் கவனித்தார். வண்டியின் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் கீழ்நோக்கித் திரும்பியிருந்தன. கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்து நடக்கிறது. அவர் ஆபீசுக்குப் போவது பஸ்ஸில். இலவச பாஸ் இருக்கும்போது யார் பெட்ரோல் போடுவார்கள்? வண்டி வாரம் முழுக்க மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கும். கீழ்வீட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மாள் ஒரு பூனை வளர்க்கிறார். அட்டவணையாரின் சந்தேகம் முழுக்க அந்தப் பூனைமேல்தான். கண்ணாடிகளை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பூனையை ஒரு முறை முறைத்தார். பூனை அவரைப் பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மனைவி கைப்பையோடு தயாராக நின்றாள். அட்டவணையார் அதைவிடத் தயாராக இருந்தார். கூடத்தின் நடுவில் நின்று, ஹெல்மெட்டைத் தலையில் திணித்து, கண்ணாடியைச் செருகி, காம்பு புருவத்தில் ஏறும்படி செய்து, இரண்டு கையையும் விரித்தார்.

"பாத்தியா? உள்ள போகவே மாட்டேங்குது! எவ்வளவோ சொன்னேன், அந்தக் கடைக்காரன் கேக்கல. இனி என்ன பண்றது? அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

"புதுசுங்க. பஞ்சு அமுங்கணும். ஒரு கால் மணி நேரம் போட்டுட்டு இருங்க, பழகிடும்."

கால் மணி நேரம்தானே? அட்டவணையார் நாற்காலியில் உட்கார்ந்தார். நடிப்பு நன்றாக இருக்க வேண்டும் என்று இடையிடையே முனகினார். ஐந்தாவது நிமிஷம் முனகல் நடிப்பாக இல்லை. கன்னத்துப் பஞ்சு இடது கடைவாய்ப் பல்லை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக வாயின் மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பல் விழித்துக்கொண்டது. முதலில் பல் துடித்தது. அப்புறம் தாடை துடித்தது. அப்புறம் காது, நெற்றி, கழுத்து என்று ஊர்வலம் கிளம்பியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தார், குனிந்தார், ஒற்றைக்காலில் நின்றார்.

"என்னங்க, பல்லா?"

"இல்ல... காது."

"காதுன்னா எதுக்கு அப்படிக் கண்ணுல தண்ணியா வருது?"

மனைவி ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து, மறு கையால் ஹெல்மெட்டைப் பிடுங்கினாள். உள்ளேயிருந்து வந்த முகத்தில் இடது பக்கம் கொஞ்சம் உப்பியிருந்தது. அந்த நிமிஷத்தில் அட்டவணையாருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்தப் பல் தன்னை விட்டு எங்கேயாவது போய்த் தொலைய வேண்டும்.

"எப்படிப் போறது?" என்று அவர் அழாக்குறையாகக் கேட்டார். "இதைப் போட்டா கண்ணாடி போட முடியாது. கண்ணாடி இல்லாம வண்டி ஓட்ட முடியாது. எட்டாம் நம்பரும் இல்ல!"

"அது ஏன் இல்லைன்னு நான் கேக்கல" என்றாள் மனைவி. சிவப்பு ஹெல்மெட்டைத் தன் தலையில் வைத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. தாடைக்குக் கீழே வாரை இழுத்து மாட்டினாள். டக்கென்று ஒரு சத்தம்.

"நீயா? உனக்கு ஓட்டத் தெரியாதே!"

கைப்பையிலிருந்து லைசென்ஸ் வெளியே வந்தது. போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசம் ஆச்சு. வண்டி சும்மாதானே நிக்குதுன்னு கீழ்வீட்டு அக்காகிட்ட கத்துக்கிட்டேன். ஹெல்மெட் ஒண்ணுதான் சரியா அமையல. அக்காவோடது லொடலொடன்னு ஆடும்."

அப்போதுதான் அட்டவணையாருக்குப் பக்கக் கண்ணாடிகள் நினைவுக்கு வந்தன. ஒரு பாவமும் அறியாத பூனையை எத்தனை முறை முறைத்திருக்கிறார்!

"நீதானே தாராளமா வாங்கச் சொன்ன?"

"தாராளமான்னு சொன்னாத்தானே நீங்க சின்னதா வாங்குவீங்க?"

அவருக்கு ஒரு கடைசி நம்பிக்கை பாக்கி இருந்தது. பல்லுக்காக இல்லை, மானத்துக்காக.

"பின்னாடி உக்கார்றவனுக்கும் ஹெல்மெட் வேணும். பாலத்துல பிடிப்பாங்க. எனக்கு எங்க இருக்கு?"

மனைவி அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தாள். முன்பக்கம் மேலே தூக்குகிற, பஞ்சில் பள்ளம் விட்ட, லார்ஜ்.

"இது எப்படி உனக்கு..."

"நேத்து கடைக்குப் போனேன். 'ஒரு கண்ணாடிக்காரர் சின்ன ஹெல்மெட் வாங்கிட்டுப் போனாரே, அவரு வேண்டாம்னு வச்சதைக் குடுங்க'ன்னேன். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுட்டு எடுத்துக் குடுத்தாரு. பாவம், ரெண்டு நாளா அவருக்கு உங்க கவலைதானாம்."

பதினான்கு கிலோமீட்டரும் அட்டவணையார் பின்னால் உட்கார்ந்து போனார். முதல் இரண்டு கிலோமீட்டர் வழி சொன்னார். "கியரை மாத்து, பிரேக்கைப் பிடி, அந்த பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, அது நிக்கும், நீ போயிடு" என்றெல்லாம் கத்தினார். சிவப்பு ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்கவில்லை, அல்லது கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவரைவிட நன்றாகத்தான் ஓட்டினாள். வலிக்கு நடுவிலும் அவருக்கு அது கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதற்காகக் கோபமும் வந்தது.

கிளினிக் நாற்காலியில் சாய்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டவர், கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப மச்சான் ஆரம்பிக்கப் போறீங்க?" என்று குழறினார்.

"முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு மாப்பிள்ளை" என்று மச்சான் தட்டைக் காட்டினார். இதற்காகவா இத்தனை பாடு என்பதுபோல ஒரு சின்னப் பல் அதில் கிடந்தது. "அடுத்த ஞாயிறும் வந்துடுங்க. வலது பக்கம் ஒண்ணு ஓட்டை விழுந்திருக்கு. அடைச்சிடலாம்."

பல் போனதில் அட்டவணையாருக்கு வருத்தம் இல்லை. திரும்பி வரும்போது தெருவே வாசலில் நின்று பார்த்ததுதான் ஆறவில்லை. கீழ்வீட்டு அம்மாள் கைதட்டினார். தன் வண்டியில், தன் தெருவில், பின் சீட்டிலிருந்து இறங்குவதா? அடுத்த ஞாயிறும் இதே ஊர்வலமா? கூடவே கூடாது. பஞ்சு அடைத்த வாயோடு அவர் மறுபடியும் ஒரு முடிவுக்கு வந்தார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாகப் பென்சிலை எடுத்தார். எட்டாம் நம்பர் பஸ், ஞாயிறு காலை ஒன்பது மணி, 'பொதுமக்கள் நலன் கருதி' மீண்டும் ஓடும். பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம். யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒரு நல்ல சேதி" என்றார் வாசலிலேயே. "ஞாயித்துக்கிழமை அண்ணன் கிளினிக்குக்குப் போக இனிமே எட்டாம் நம்பர் உண்டு!"

மனைவியின் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க. கீழ்வீட்டு அக்காவும் பாலம் வரைக்கும் வரணும்னாங்க, பின் சீட்டுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். நாங்க வண்டில வந்துடறோம், நீங்க பஸ்ல வந்துடுங்க. உங்களுக்குத்தான் பாஸ் இருக்கே!"