பாதிக்குப்பாதி கட்டிய பொட்டலம்

தருமபுரி மாவட்டத்திலேயே நிகழ்தகவுப் பாடத்தால் வாழ்க்கை சுலபமாகிப்போன ஒரே ஜீவன் எங்கள் ‘பாதிக்குப்பாதி’தான். கடத்தூர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் என் பக்கத்து இடம். சொந்தப் பெயர் வருகைப் பதிவுக்கு மட்டும்.

நாணயத்தைச் சுண்டினால் தலை விழ நிகழ்தகவு பாதி என்று கணக்கு சார் சொன்ன அன்றே புத்தகத்தை மூடிவிட்டாள். அதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லையாம்.

“பகடையை உருட்டினா ஆறு விழ நிகழ்தகவு என்னம்மா?”

“பாதிங்க சார். ஒண்ணு விழும், இல்லன்னா விழாது. வேற என்னங்க இருக்குது?”

சார் கொதித்துப்போய்ப் பகடையை மேசைமேல் உருட்டினார். ஆறு. மறுபடி உருட்டினார். மறுபடியும் ஆறு.

“பாதிக்கு மேலயே வருதுங்களே சார்” என்றாள், அக்கறையோடு. சார் அன்று வடிவியலுக்குப் போய்விட்டார்.

மழை வருமா, பரீட்சையில் தேறுவாளா, எல்லாவற்றுக்கும் அதே விடை. டவுன் பஸ் விஷயத்தில் மட்டும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

இப்படிப்பட்டவளிடம்தான் என் தலையெழுத்து போய்ச் சிக்கியது. பத்தாவது முடிந்ததும் மேலே படிக்கிறேன் என்றேன். “சாமிகிட்ட பூ கேட்டுடலாம்” என்றார் அப்பா. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டால் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் தருமபுரியில் ப்ளஸ் ஒன். சிவப்பு வந்தால் திருப்பூர் பனியன் கம்பெனி. அரளித் தோட்டத்துக்காரி என்பதால் பூக்கூடை அவள் கையில்.

கோயிலில் அப்பா ஒரு குண்டைப் போட்டார். “மூணு தடவையும் வெள்ளையே வரணும். அப்பதான் அனுப்புவேன்.”

அவள் முகம் சுருங்கியது. “எட்டுல ஒண்ணு புள்ள” என்று என் காதில் சொன்னாள். வருஷம் முழுக்க வராத கணக்கு அன்றைக்குப் பார்த்து வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. அவள் கூடையோடு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள்.

பூசாரி எடுத்தார். வெள்ளை. புதுப் பொட்டலங்கள் போட்டு எடுத்தார். வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எடுக்காத பொட்டலங்களை யாரும் தொடுவதற்குள் இவள் கூடையில் அள்ளிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பிரித்துக் காட்டினாள். அவையும் வெள்ளை. சிவப்பு அரளியெல்லாம் கூடைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

“அடிப்பாவி, சாமி கோவிச்சுக்காதா?”

“பாதி. கோவிச்சுக்கும், இல்லன்னா கோவிச்சுக்காது.”

இப்போது நான் கணக்கு டீச்சர். உறுதி நிகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகச் சூரியன் கிழக்கே உதிப்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மனசுக்குள் சொல்லிக்கொள்வது அவள் பெயரை. அந்தச் சொந்தப் பெயரை.